சிகரெட்டை நிறுத்த ஒரு சின்ன வேப்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிக்கிறவர்களுக்கு உதவும். உங்களுக்கு வயது 44, லண்டனில் குரோய்டன் பக்கம் ஒரு கிடங்கில் வேலை. ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட், அதாவது 20 சிகரெட். கண் விழித்த ஐந்து நிமிடத்துக்குள் முதல் சிகரெட் பற்றவைத்துவிடுவீர்கள். முன்பு நிக்கோடின் பேட்ச் ஒட்டிப் பார்த்து, சில வாரங்களில் மறுபடி புகைக்கத் தொடங்கிவிட்டீர்கள். மைத்துனருடைய பெரிய வேப்பை, அதாவது மின்-சிகரெட்டை, இழுத்துப் பார்த்தபோது இருமல்தான் வந்தது. சட்டைப் பையில் அடங்குகிற, அதிகத் தொந்தரவில்லாத சின்னக் கருவி எது, என்ன பார்த்து வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பதில் இது. லிக்விட் ஊற்றி மறுபடி மறுபடி நிரப்பக்கூடிய ஒரு சின்ன பாட் வகை வேப் வாங்குங்கள் (பாட் என்பது கருவியில் செருகுகிற, லிக்விட் நிற்கும் சின்னக் குப்பி). இழுப்பு சிகரெட்டைப் போல இறுக்கமாக இருக்க வேண்டும். அதில் மி.லி.க்கு 20 மி.கி. நிக்கோடின் சால்ட் லிக்விட் ஊற்றுங்கள். முடிந்தால் ஒரே மாதிரிக் கருவி இரண்டாக வாங்குங்கள். கருவியின் பெயரை விட நிக்கோடினின் அளவுதான் நீங்கள் ஜெயிப்பீர்களா என்பதைத் தீர்மானிக்கும். லண்டனில் புகையை நிறுத்த வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. வேப் வாங்கியும் சிகரெட்டுக்குத் திரும்பிப் போனவர்களிடம் என்ன லிக்விட் ஊற்றினீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் 3 மி.கி. அல்லது 6 மி.கி. என்றுதான் பதில் வரும். நாள் முழுக்க உடம்பு நிக்கோடினுக்குத் தவித்திருக்கிறது. அவர்கள் அதைத் தங்கள் மன உறுதியின் குறை என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் எழுதுவது பிரிட்டனில் வசிக்கிற, இப்போது சிகரெட் பிடிக்கிற ஒருவருக்கு. சிகரெட் பிடிக்காதவர்கள், குறிப்பாகப் பிள்ளைகள், வேப்பைத் தொடவே கூடாது. இந்தியாவில் இதன் விற்பனை சட்டப்படியே தடைசெய்யப்பட்டது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இனி, ஏன் நிக்கோடினைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று பார்ப்போம். சிகரெட்டை விடமுடியாமல் பிடித்துவைப்பது நிக்கோடின். ஆனால் புற்றுநோய், மாரடைப்பு, நுரையீரல் அடைப்பு என்று ஆளைக் கொல்வதில் பெரும்பங்கு புகையிலை எரியும்போது வருகிற புகைக்குத்தான்: அதில் உள்ள தாருக்கும், கார்பன் மோனாக்சைடுக்கும், நூற்றுக்கணக்கான மற்ற நச்சுகளுக்கும். வேப்பில் எதுவும் எரிவதில்லை. லிக்விட் சூடாகி ஆவியாகிறது, அவ்வளவுதான். தாரும் கார்பன் மோனாக்சைடும் அதில் உண்டாவதில்லை. லண்டனில் உள்ள ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016இல் வெளியிட்ட அறிக்கையில், வேப்பால் நீண்ட காலத்தில் வரக்கூடிய தீங்கு, புகைப்பதால் வரும் தீங்கில் 5 சதவீதத்தைத் தாண்ட வாய்ப்பில்லை என்று மதிப்பிட்டார்கள். இது ஒரு மதிப்பீடுதான். முப்பது நாற்பது வருடம் வேப் பிடித்தவர்கள் இன்னும் உலகத்தில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் இதில் பிரிட்டன் அளவுக்கு நம்பிக்கை வைக்கவில்லை. 2023 டிசம்பரில் வேப்புகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தச் சொல்லி எல்லா நாடுகளுக்கும் அழைப்பு விடுத்தது. முக்கியக் காரணம், இவை சிறுவர்களைப் பிடித்து இழுப்பது. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் ஏற்கெனவே தினமும் 20 சிகரெட்டின் புகை உள்ளே போய்க்கொண்டிருக்கிற உங்களுக்குக் கணக்கு வேறு. உங்கள் நெஞ்சுக்குள் வருவது வேப்பா சுத்தமான காற்றா என்பது இப்போதைய கேள்வி இல்லை. வேப்பா சிகரெட்டா என்பதுதான்.

பலன் உண்டா? உண்டு. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்தி 2019இல் வெளியிட்ட ஒரு சோதனையில் 886 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பாதிக்கு பேட்ச், சூயிங்கம் போன்றவை. மறு பாதிக்கு ஒரு சின்ன வேப். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், வேப் வாங்கியவர்களில் 18 சதவீதம் பேர் சிகரெட்டை விட்டிருந்தார்கள். மற்றவர்களில் 9.9 சதவீதம். உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்துகிற விஷயம் இதில் ஒன்று உண்டு. அவர்களுக்குக் கொடுத்தது பெரிய விலையுயர்ந்த கருவி இல்லை. ஆஸ்பயர் நிறுவனத்தின் சாதாரணத் தொடக்கக் கருவி, கூடவே மி.லி.க்கு 18 மி.கி. நிக்கோடின் உள்ள ஒரு லிக்விட் பாட்டில். அப்புறம் குறைந்தது நாலு வாரம், வாரம் ஒருமுறை ஆலோசகருடன் பேச்சு. சின்னக் கருவி, போதுமான நிக்கோடின், கேட்க ஒரு ஆள். இந்த மூன்றும் சேர்ந்துதான் வேலை செய்தது. இப்படிப்பட்ட ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்து எடைபோட்ட காக்ரேன் குழுவின் முடிவும் இதே திசையில்தான் இருக்கிறது: பேட்ச், சூயிங்கம் வழியில் நூற்றுக்கு 6 பேர் நிறுத்தினால், நிக்கோடின் வேப் வழியில் சுமார் 8 முதல் 10 பேர். மாயம் எதுவும் இல்லை. பெரும்பாலானவர்கள் முதல் முயற்சியில் தோற்கிறார்கள். அதனால்தான் இருக்கிற வாய்ப்பை வீணாக்காதபடி சரியான கருவியை, சரியான அளவில் எடுக்க வேண்டும் என்கிறேன்.

இப்போது கடைக்குள் போவோம். மைத்துனரின் வேப்பில் உங்களுக்கு ஏன் இருமல் வந்தது? அது நேராக நெஞ்சுக்குள் இழுக்கிற வகை. காற்றுத் துளை அகலம், காயிலின் (லிக்விட்டைச் சூடாக்குகிற கம்பிச் சுருளின்) மின்தடை குறைவு, வாட் அதிகம், ஆவி மேகம் போல வரும். சிகரெட் பிடிப்பவர்கள் அப்படி இழுப்பதில்லை. முதலில் வாய்க்குள் புகையை இழுத்து, பிறகுதான் உள்ளே வாங்குகிறார்கள். உங்களுக்கு வேண்டியது அந்த வகைதான். கடையில் 'வாயில் இழுக்கிற வகை, இறுக்கமான இழுப்பு' என்று கேளுங்கள். உறுதிப்படுத்திக்கொள்ள எண்ணைப் பாருங்கள். பாட் மேலோ காயில் மேலோ ஓம் அளவு, அதாவது அந்த மின்தடையின் எண், அச்சாகியிருக்கும். 0.8 முதல் 1.2 ஓம் வரை உங்களுக்குச் சரி. 0.4, 0.6 என்று இருந்தால் தள்ளிவையுங்கள். 20 மி.கி. லிக்விட்டை அப்படிப்பட்ட காயிலில் ஊற்றி இழுத்தால் தலை சுற்றும், தொண்டை எரியும். காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன நகர்த்தி இருந்தால் நல்லது. ஆரம்பத்தில் அதை முக்கால்வாசி மூடியே வையுங்கள்.

நிக்கோடின் அளவுக்கு வருகிறேன், இதில்தான் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும். ஒருவர் எவ்வளவு ஆழமாகப் பழகியிருக்கிறார் என்பதை அறிய ஃபாகர்ஸ்ட்ரோம் சோதனை என்று ஆறு கேள்விகள் கொண்ட ஒன்று உண்டு. அதில் கனமான கேள்வி, எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்பது. ஐந்து நிமிடத்துக்குள் என்றால் அந்தக் கேள்விக்கு உள்ள அதிகபட்சப் புள்ளி, மூன்று. நீங்கள் அதில்தான் இருக்கிறீர்கள். எத்தனை சிகரெட் என்பதைவிட இந்த ஒரு பதில் எனக்கு அதிகம் சொல்கிறது. இரவு முழுக்க நிக்கோடின் வடிந்து, விடியும்போது உங்கள் உடம்பு அதைக் கேட்டு எழுகிறது. இப்படிப்பட்ட ஒருவருக்கு 6 மி.கி. லிக்விட் கொடுப்பது வீண். பிரிட்டனில் சட்டம் அனுமதிக்கிற அதிகபட்சம் மி.லி.க்கு 20 மி.கி. அதிலேயே ஆரம்பியுங்கள். நாளைக்குப் பத்து சிகரெட், எழுந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் முதல் சிகரெட் என்றால் 10 அல்லது 12 மி.கி. போதும் என்பேன்.

பலர் 'எதற்கு இவ்வளவு, குறைந்த அளவில் ஆரம்பிப்பதுதானே பத்திரம்' என்று யோசிப்பார்கள். அது உண்மையில் பத்திரம் இல்லை. குறைந்த நிக்கோடின் கொடுத்தால் உடம்பு சும்மா இருக்காது. ஆள் அதிக நேரம், அதிகத் தடவை இழுப்பார். லண்டன் சவுத் பேங்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். நிக்கோடினைக் குறைத்தபோது மக்கள் அதிக லிக்விட்டை இழுத்துத் தீர்த்தார்கள். அதிக லிக்விட் என்றால் நுரையீரலுக்குள் அதிக ஆவி, அதோடு அதிகச் செலவு.

ஒரு லேபிளில் '2 சதவீதம்' என்று இருந்தால் அது மி.லி.க்கு 20 மி.கி. '5 சதவீதம்' என்று இருந்தால் 50 மி.கி.; அது பிரிட்டனில் சட்டவிரோதம். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

நிக்கோடின் சால்ட் என்பது என்ன? சாதாரண நிக்கோடின் காரத்தன்மை கொண்டது. 18, 20 மி.கி. அளவில் தொண்டையைப் பிறாண்டும். அதோடு பென்சாயிக் அமிலம் போன்ற ஒன்றைச் சேர்த்தால் காரம் தணிந்து, அதே அளவு நிக்கோடின் மென்மையாக இறங்கும். அமெரிக்காவில் 2015இல் வந்த ஜூல் என்ற வேப் இதைப் பரவலாக்கியது. உங்களைப் போல இருமல் வருகிறவர்களுக்கு சால்ட்தான் வசதி. ஆனால் சிலருக்குத் தொண்டையில் அந்த அடி இருந்தால்தான் சிகரெட் பிடித்த திருப்தி வரும். அப்படியானால் சாதாரண நிக்கோடினில் 12 அல்லது 18 மி.கி. எடுத்துப் பாருங்கள். எதுவானாலும் பாட்டிலில் 50/50 என்று போட்டிருக்க வேண்டும்; லிக்விட்டில் உள்ள கிளிசரினும் புரோப்பிலீன் கிளைகாலும் சரிபாதி என்று அதற்கு அர்த்தம். 70/30 என்று இருப்பது கிளிசரின் அதிகமுள்ள, கெட்டியான லிக்விட். சின்ன பாட்டின் பஞ்சு அதை வேகமாக உறிஞ்சாது, தீய்ந்துவிடும்.

கருவியில் மூன்று வகை உண்டு. முதலாவது, லிக்விட் ஏற்கெனவே நிரப்பிய பாட்டைச் செருகி, தீர்ந்ததும் எறிவது. கை நடுங்குகிறவர்கள், கண் மங்கலானவர்கள், எதையும் ஊற்ற விரும்பாதவர்கள் ஆகியோருக்கு இது நல்லது. ஆனால் ஒரு பாட் 2 மி.லி.தான் (சட்டம் அவ்வளவுதான் விடுகிறது), உங்களைப் போன்ற ஒருவருக்கு அது ஒரு நாள் தாங்கினாலே அதிகம். செலவு ஏறும். இரண்டாவது, நீங்களே நிரப்புகிற பாட், காயில் அதற்குள்ளேயே பொதிந்திருக்கும். ஒன்று இரண்டு வாரத்தில் சுவை கெட்டதும் பாட்டையே மாற்றிவிட வேண்டியதுதான். மூன்றாவதில் பாட்டை வைத்துக்கொண்டு காயிலை மட்டும் கழற்றி மாற்றலாம். கொஞ்சம் மலிவு, ஆனால் பழகாத கைக்குக் கசிவு அதிகம். உங்களுக்கு நான் சொல்வது இரண்டாவது வகை.

பெயர் சொல்லச் சொன்னால், எந்தக் கம்பெனியிடமும் எனக்கு ஒரு காசும் வருவதில்லை என்று சொல்லிவிட்டுச் சொல்கிறேன்: வேப்பரெஸ்ஸோவின் எக்ஸ்ராஸ் வரிசை, ஆக்ஸ்வாவின் எக்ஸ்லிம் வரிசை, யூவெல்லின் காலிபர்ன் வரிசை. மூன்றுமே சின்னவை, பிரிட்டனில் எளிதாகக் கிடைப்பவை. பேனா வடிவம், அமுக்கினால்தான் வேலை செய்யும் பட்டன் என்றால் இன்னோகினின் எண்டியூரா இருக்கிறது. ஆனால் இவற்றில் எது என்று மூன்று நாள் இணையத்தில் தேடி மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த மூன்று நாளும் நீங்கள் அறுபது சிகரெட் பிடித்திருப்பீர்கள். அதைவிட முக்கியமானது, வாங்குகிற மாடலின் மாற்று பாட் உங்கள் வீட்டுக்கோ வேலை இடத்துக்கோ பக்கத்துக் கடையில் கிடைக்கிறதா என்பது. சனிக்கிழமை இரவு பாட் தீய்ந்து, மாற்று இல்லாமல், பெட்ரோல் பங்க் கடையில் சிகரெட் வாங்கி முடித்த கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன்.

பேட்டரி 800 முதல் 1000 மில்லி ஆம்பியர் மணி இருந்தால் உங்களுக்கு ஒரு நாள் தாங்கும். 400, 500 என்றால் மதியமே படுத்துவிடும். கிடங்கில் ஷிஃப்ட் நடுவில் சார்ஜ் போட முடியாது என்றால் இந்த எண்ணைக் கட்டாயம் பாருங்கள். யூஎஸ்பி-சி துளை இருக்கட்டும். இழுத்தாலே தானாக வேலை செய்கிற வகை போதும், பட்டன் தேவையில்லை. லிக்விட் மட்டம் வெளியே தெரிகிற பாட்டாகப் பாருங்கள். மேலே மூடியைத் திறந்து ஊற்றுகிற அமைப்பு பக்கவாட்டுத் துளையைவிடக் கசிவு குறைவு. திரை, வண்ண விளக்கு, வாட் மாற்றும் வசதி எதுவும் உங்களுக்கு வேண்டாம்.

இரண்டு கருவி வாங்கச் சொன்னேன் அல்லவா, அது உங்களைச் செலவழிக்க வைக்கச் சொன்னது இல்லை. ஒன்று சார்ஜில் இருக்கும்போதோ தொலையும்போதோ இன்னொன்று கையில் இருக்க வேண்டும். ஒரு கருவி சுமார் 15 முதல் 25 பவுண்டு, 10 மி.லி. லிக்விட் பாட்டில் மூன்று நாலு பவுண்டு. ஒரு பாக்கெட் சிகரெட் 15 பவுண்டுக்கு மேல் போய்விட்டது. இரண்டு கருவியின் விலை மூன்று நாலு நாள் சிகரெட்டுக்குள் அடங்கிவிடும். 2026 அக்டோபர் 1 முதல் ஒவ்வொரு 10 மி.லி. லிக்விட்டுக்கும் 2.20 பவுண்டு வரி, அதன்மேல் மதிப்புக் கூட்டு வரி என்று அரசு அறிவித்திருக்கிறது. அப்போதும் சிகரெட்டைவிட வெகுவாகக் குறைவுதான். ஒருமுறை பிடித்து எறிகிற வேப்புகளை 2025 ஜூன் 1 முதல் பிரிட்டனில் விற்கக் கூடாது, அதனால் அந்தப் பக்கம் போக வேண்டாம். கருவியையே இலவசமாகத் தருகிற வழியும் இருக்கலாம். இங்கிலாந்தில் சிகரெட்டுக்குப் பதில் வேப் தொடக்கப் பெட்டி கொடுக்கிற ஒரு திட்டத்தை அரசு 2023இல் அறிவித்தது. உங்கள் கவுன்சிலின் புகைநிறுத்தச் சேவையில் இப்போது உண்டா என்று கேளுங்கள்.

சுவையைப் பற்றி ஒரு வரி. புகையிலை சுவையில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று இல்லை. வேப்பின் புகையிலை சுவை சிகரெட் போல இருக்காது, ஏமாற்றம்தான் வரும். மின்ட் ஒன்று, ஏதாவது பழச் சுவை ஒன்று என்று இரண்டு எடுங்கள். ரொம்பத் தித்திப்பானவை காயிலைச் சீக்கிரம் கருக்கும்.

வாங்கி வந்த அன்று செய்ய வேண்டியது. பாட்டை நிரப்பியதும் பத்து நிமிடம் அப்படியே வையுங்கள், பஞ்சு நனையட்டும். அவசரப்பட்டு இழுத்தால் பஞ்சு கருகி, அந்தத் தீய்ந்த வாடை கடைசிவரை போகாது. பிறகு மெதுவாக, மூன்று நாலு விநாடி இழுங்கள். சிகரெட்டை இழுக்கிற வேகத்தில் பலமாக உறிஞ்சினால் லிக்விட் வாய்க்கு வரும். சிகரெட்டில் நிக்கோடின் பத்து இருபது விநாடியில் மூளைக்குப் போய்விடுகிறது. சின்ன வேப்பில் அந்த உச்சம் கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் தாழ்வாக வரும். அதனால் ஐந்து நிமிடம் பிடித்து அணைத்துவிட்டுப் போகிற கணக்கு இதில் இல்லை. தவிப்பு வரும்வரை காத்திருக்காமல் நடுநடுவே இரண்டு மூன்று இழுப்பு. காலையில் எழுந்ததும் முதலில் வேப்பை எடுங்கள். குமட்டல், தலைவலி, விக்கல், படபடப்பு வந்தால் நிக்கோடின் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். கீழே வையுங்கள், சிறிது நேரத்தில் தணியும். முதல் வாரம் இருமலும் தொண்டை வறட்சியும் வரலாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

இனி நான் கடுமையாகச் சொல்ல வேண்டிய இடம். பலர் பாதி வேப், பாதி சிகரெட் என்று நின்றுவிடுகிறார்கள். இருபதை ஐந்தாகக் குறைத்துவிட்டேன் என்று நிம்மதி. அந்த நிம்மதி பொய். 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு பெரிய ஆய்வின்படி, நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கு வருகிற கூடுதல் இதய நோய் ஆபத்து, இருபது பிடிப்பவருக்கு வருவதில் ஏறக்குறைய பாதி. இருபதில் ஒரு பங்கு இல்லை, பாதி. இதயத்தைப் பொறுத்தவரை கடைசி சிகரெட்டும் போனால்தான் பலன். ஒன்றிரண்டு வாரம் இரண்டும் கலந்து இருப்பது பரவாயில்லை, கை பழகட்டும். ஆனால் ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள். அன்று வீட்டில், காரில், லாக்கரில் இருக்கிற எல்லா சிகரெட்டும் லைட்டரும் போய்விட வேண்டும்.

அந்தத் தேதிக்கு அப்புறமும் காலையில் தவிப்பு தாங்கவில்லை என்றால், பேட்ச் ஒட்டிக்கொண்டு மேலே வேப்பும் பிடிக்கலாம். உங்களுக்குப் பேட்ச் மட்டும் பலிக்காததற்குக் காரணம் உண்டு. அது மெதுவாக, சீராகக் கொடுக்கும். திடீரென்று எழுகிற தவிப்புக்கு அதனிடம் பதில் இல்லை. வேப் அந்தத் தவிப்புக்கு. இரண்டும் சேரும்போது ஒன்று அடித்தளம், மற்றது அவசரத்துக்கு.

உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். இது சம்பிரதாயத்துக்குச் சொல்வது இல்லை. சிகரெட் புகையில் உள்ள சில பொருட்கள் கல்லீரலைத் தூண்டி, சில மருந்துகளை வேகமாக உடைக்கவைக்கின்றன. இது நிக்கோடினின் வேலை இல்லை, புகையின் வேலை. அதனால் வேப்புக்கு மாறினாலும் அந்தத் தூண்டுதல் நின்றுவிடும், மருந்து உடம்பில் ஏறிக்கொண்டே போகும். மனநோய்க்குத் தருகிற க்ளோசபின், ஒலான்சபின், ஆஸ்துமாவுக்குத் தருகிற தியோஃபிலின் எடுப்பவர்களுக்கு இது ஆபத்து. அளவை மாற்ற வேண்டி வரும். இன்சுலின் போடுபவர்கள் சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும். காபியும் இதே கதைதான். சிகரெட்டை விட்டதும் காஃபீன் உடம்பில் அதிக நேரம் தங்கும். தூக்கம் வராமல், நெஞ்சு படபடத்து, வேப்தான் காரணம் என்று அதைக் கைவிடுகிறவர்கள் உண்டு. காபி, டீயைப் பாதியாகக் குறைத்தாலே பலருக்குச் சரியாகிவிடும். கர்ப்பிணிகள் முதலில் மருத்துவச்சியிடம் பேசட்டும், அவர்களுக்குப் பேட்சும் சூயிங்கமும்தான் முதல் பரிந்துரை. வேப்பே வேண்டாம் என்று முடிவு செய்தாலும் வழி இருக்கிறது: வரனிக்லின், சைட்டிசினிக்லின் என்ற மாத்திரைகள் இங்கே கிடைக்கின்றன, இரண்டும் நன்றாக வேலை செய்பவை.

பத்திரமாக வைத்துக்கொள்வது பற்றி. லிக்விட் நிக்கோடின் குழந்தைகளுக்கு விஷம். மூடி இறுக்கமாக, உயரத்தில், பூட்டி. கையில் கொட்டினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள், தலையணை மேல் வைத்து சார்ஜ் செய்யாதீர்கள். 2019-20இல் அமெரிக்காவில் வேப்பால் நுரையீரல் பாதிக்கப்பட்டு 68 பேர் இறந்த செய்தியை உங்கள் வீட்டில் யாராவது எடுத்துக் காட்டுவார்கள். அது நடந்தது உண்மை. அதற்கு முக்கியக் காரணமாகக் கண்டறிந்தது, கஞ்சாச் சத்து கலந்த கள்ளச் சந்தை லிக்விட்டில் சேர்த்த வைட்டமின் இ அசிட்டேட் என்ற எண்ணெய். பிரிட்டனில் நிக்கோடின் லிக்விட்டில் அதைச் சேர்க்கத் தடை இருக்கிறது. ஆனால் தெரு மூலையில், சமூக வலைத்தளத்தில் யாரோ விற்பதை வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. முறையான கடையில் மட்டும் வாங்குங்கள்.

அடுத்தது, ஊருக்குப் போவது. இதை நான் வரிக்கு வரி அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்கள் யோசிக்காமல் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இந்தியாவில் 2019ஆம் வருடச் சட்டப்படி வேப்பைத் தயாரிப்பது, விற்பது, இறக்குமதி செய்வது எல்லாம் குற்றம். முதல் தடவைக்கே ஒரு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சென்னை விமான நிலையத்தில் 'சொந்த உபயோகத்துக்கு' என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று நம்ப வேண்டாம். சிங்கப்பூரில் வைத்திருப்பதே குற்றம், அங்கே இறங்கி மாறிப் போகிறவர்களும் கவனிக்க வேண்டும். இந்தப் பயணங்களுக்கு வேப்பை வீட்டில் வைத்துவிட்டுப் பேட்சும் நிக்கோடின் சூயிங்கமும் எடுத்துப் போங்கள், போகும் முன்பே ஒரு வாரம் பழகிக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டில் மச்சான் நீட்டுகிற சிகரெட்டில்தான் பல மாத உழைப்பு போகிறது. வேப் அனுமதிக்கிற நாட்டுக்குப் பறந்தாலும் கருவியும் பேட்டரியும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் போடக் கூடாது. விமானம் ஏறும் முன் பாட்டைக் காலி செய்துவிட்டால் கசியாது.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு: இங்கே எழுதியிருக்கிற கருவி எதையும் தேடிப் போகாதீர்கள். கள்ளத்தனமாகக் கிடைப்பதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 2 மி.கி. நிக்கோடின் சூயிங்கம் மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும், பேச 1800-11-2356 என்ற இலவசத் தேசிய உதவி எண் இருக்கிறது.

இங்கே உங்களுக்கு, இங்கிலாந்தின் புகைநிறுத்த உதவி எண் 0300 123 1044. தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்றும் கேளுங்கள். ஆள் துணையோடு நிறுத்த முயல்பவர்களுக்கு, தனியாக முயல்பவர்களைவிட வெற்றி வாய்ப்பு மூன்று மடங்கு என்று பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். சொல்கிறது. புகைநிறுத்தச் சேவைக்கு நேரில் போனால் ஒரு சின்னக் கருவியில் ஊதச் சொல்வார்கள்; மூச்சில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று அது காட்டும். சிகரெட் நின்ற இரண்டொரு நாளிலேயே அந்த எண் பத்துக்குக் கீழே இறங்கிவிடும். வேப் எவ்வளவு பிடித்தாலும் அது ஏறாது. தன் மூச்சின் எண் விழுவதைக் கண்ணால் பார்த்தவர்கள் அடுத்த வாரமும் தவறாமல் வருகிறார்கள்.

கடைசியாக, வேப்பை எப்போது விடுவது. மேலே சொன்ன 2019 ஆய்வில் வேப் வழியாக சிகரெட்டை விட்டவர்களில் ஐந்தில் நாலு பேர் ஒரு வருடம் கழித்தும் வேப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். எனவே அதுவும் தானாகப் போய்விடும் என்று எண்ண வேண்டாம், ஒருநாள் அதற்கும் திட்டம் போட்டாக வேண்டும். ஆனால் அவசரம் கூடாது. வேப்பை விட்டால் சிகரெட்டுக்குத் திரும்பிவிடுவேனோ என்ற பயம் இருக்கும்வரை அதை வைத்திருங்கள். சிகரெட்டின் நினைவே வராத சில மாதங்கள் கழிந்ததும் 20 மி.கி.யிலிருந்து 10க்கு, பிறகு 6க்கு, 3க்கு இறங்குங்கள். ஒவ்வொரு படியிலும் சில வாரம் நில்லுங்கள். இழுப்பு கூடிக்கொண்டே போனால் அந்தப் படி இன்னும் உங்களுக்கு ஆகவில்லை, முந்தைய படிக்கே ஏறிக்கொள்ளுங்கள். வேப் பிடிக்காத இடங்களை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள்: முதலில் படுக்கையறை, அப்புறம் கார், அப்புறம் வீடு முழுவதும். இந்தக் கட்டத்துக்கு வரும்போது எழுதுங்கள், உங்கள் நாள் எப்படிப் போகிறது என்று பார்த்து எந்த இடத்தில் முதலில் குறைக்கலாம் என்று பேசுவோம். இப்போதைக்கு, சனிக்கிழமை கடைக்குப் போகும்போது 0.8 முதல் 1.2 ஓம், 20 மி.கி. சால்ட், 50/50, உபரியாக இரண்டு பாட் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.